குறுக்கே போட்ட தரை

என் தம்பி தரை போடுகிறவன். முதலில் பெங்களூரில் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். ஐ.டி. கம்பெனிகள் வந்து ஊரைச் சுற்றி அடுக்குமாடிகள் எழும்பிய வருஷங்கள் அவை. சித்தூர் பக்கத்திலிருந்து அந்த வேலைக்குப் போன பிள்ளைகளில் அவனும் ஒருவன். பிறகு ஒரு மேஸ்திரியோடு மஸ்கட் போய், அங்கே வினைல் பலகை போடக் கற்றுக்கொண்டான். பார்க்க மரப்பலகை மாதிரி இருக்கும், ரேகைகூட ஓடும். தொட்டால்தான் மரமில்லை என்று தெரியும். ஓட்டல் அறைகள், ஆஸ்பத்திரி வராண்டாக்கள், வெள்ளைக்காரர்கள் குடியிருக்கும் வில்லாக்கள் என்று அவன் போட்ட தரைகளை போனில் படம் எடுத்து அனுப்புவான். படத்தில் அவன் இருக்கமாட்டான். தரை மட்டும் இருக்கும்.

நைனாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, அந்த வேலை பிடிக்கவில்லை. யாராவது கேட்டால், "பையன் மஸ்கட்ல கீறான்" என்பார். என்ன வேலை என்று கேட்டால், "கம்பெனியில" என்று முடித்துவிடுவார். தம்பி அனுப்பிய படங்களை நான் காட்டினால் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார்.

அதற்குக் காரணம் இருந்தது. நைனாவின் அப்பா குடிபாலா பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நைனாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் முதுகு வளைந்தேதான் இருந்ததாம். செத்த பிறகு பாடையில் நேராகப் படுக்கவைக்க முடியவில்லை என்று நைனா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். நைனா சித்தூருக்கு வந்து லாரியில் கிளீனராகச் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, அரசு பஸ் டிரைவர் ஆனார். சித்தூர் - திருப்பதி ரூட்டில்தான் அவருடைய பாதி வாழ்க்கை ஓடியது. "நிமிந்து உக்காந்து பண்ற வேலை" என்று சொல்லும்போது அவர் முதுகு தானாக நேராகும். அப்படிப்பட்டவருக்கு, தன் மகன் ஊரார் வீட்டில் நாளெல்லாம் மண்டி போட்டுக்கொண்டு பிழைக்கிறான் என்பதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

ரிட்டயர் ஆனதும் நைனா செய்த முதல் காரியம், வீட்டின் பழைய சிமெண்ட் தரையைக் கொத்திவிட்டு டைல்ஸ் போட்டது. பெரிய பெரிய டைல்ஸ், பால் நிறம், முகம் தெரிகிற பளபளப்பு. இடையில் கோடே தெரியக்கூடாது என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சொல்லிப் போடவைத்தார். அந்த வேலைக்குத் தம்பியை லீவு போட்டு வரச்சொல்லலாமே என்று அம்மா கேட்டதற்கு, "அவன் எதுக்கு? இங்க ஆளுங்க இல்லியா?" என்றார். வேலை முடிந்த அன்று ஹாலின் இந்தக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டேயிருந்தார். "பார்த்தியா, ஒரே கல்லு மாதிரி கீது" என்று என்னிடம் சொன்னார்.

அந்தத் தரையில்தான் அவர் கால் நின்றுபோனது.

முதலில் வலது கை நடுங்கியது. அம்மா கொடுக்கும் காப்பி தம்ளர் டபராவில் கிடுகிடுவென்று தட்டும். ஸ்டியரிங் பிடித்த கை, வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பிறகு நடை மாறியது. பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்துப் போனார். ஒரு நாள் நான் குடியிருக்கும் திருப்பதியிலிருந்து வந்திருந்தேன். வாசல் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், உள்ளே திரும்பினார், அப்படியே நின்றுவிட்டார். நான் பின்னால் பையோடு நிற்கிறேன். வழி விடுவார் என்று பார்த்தால் நகரவில்லை.

"இன்னா நைனா?"

"கால் வரமாட்டேங்குதும்மா" என்றார். குரலில் பயம் இருந்தது. நைனாவின் குரலில் பயத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. "தரையோட ஒட்டிக்கிச்சி."

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். நடுக்குவாதம் என்றார்கள். மாத்திரையால் தள்ளிப்போடலாம், தீர்க்க முடியாது என்றார்கள். நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பஸ் ஓட்டிக்கினு இருந்தப்ப வராம ரிட்டயர் ஆன அப்பால வந்துச்சே, அது போதும்" என்றார். அவர் பஸ்ஸில் ஏறியவர்களை நினைத்துச் சொன்னார் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

வீட்டுக்குள் நடப்பது பெரும்பாடாக ஆகிவிட்டது. படுக்கையறையிலிருந்து பாத்ரூம் போக ஹாலைக் கடக்கவேண்டும். பாதி தூரத்தில் கால் நின்றுவிடும். உடம்பு முன்னால் சாயும், கால் மட்டும் வராது. மாடிப்படி ஏறச் சொன்னால் ஏறுவார், அதுதான் ஆச்சரியம். சமதரையில்தான் நிற்பார். அம்மா அவர் முன்னால் போய் நின்றுகொண்டு, ஆந்திரா பஸ் கண்டக்டர் வண்டியை எடுக்கச் சொல்கிற மாதிரி, "ரைட் ரைட், போனீ, போனீ" என்று கை காட்டுவாள். சில சமயம் அவருக்குச் சிரிப்பு வந்து ஒரு அடி எடுத்துவைத்துவிடுவார். சிரிப்பு வராத நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துப் பின்பக்கமாக நடப்பாள். ஒரு நாள் அப்படியே இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். அவருக்குப் புருவத்தில் தையல் போட்டோம். அம்மா முழங்கையைத் தேய்த்துக்கொண்டே, "இந்தப் பாழாப்போன கண்ணாடி தரைய யார் போடச் சொன்னாங்க?" என்று கத்தினாள்.

வழி தெரிந்தது ஒரு கல்யாணத்தில். அம்மா வழி உறவு, சித்தூரில்தான் மண்டபம். நைனா வரமாட்டேன் என்றார், இழுத்துக்கொண்டு போனோம். ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அம்மா முன்னால் போய்விட்டாள். நான் தாலி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பக்கத்தில் நைனா நிற்கிறார். கையில் அட்சதை. மேடையை நோக்கித் தனியாகப் போகிறார். பழைய நடையில், காலைத் தூக்கிவைத்து, யாரையும் பிடிக்காமல். மண்டபத்தில் அந்த நீளத்துக்கும் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். சிவப்பும் நீலமுமாக அகலக் கோடுகள் குறுக்கே ஓடின. அவர் குனிந்து பார்த்து ஒவ்வொரு நீலக் கோட்டையும் தாண்டித் தாண்டிப் போனார். அம்மா மேடையோரம் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெண் வீட்டார் எதற்கென்று தெரியாமல் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டரிடம் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. தானாக நடப்பதற்கு மூளையில் ஒரு வழி, கண்ணால் பார்த்து ஒன்றைத் தாண்டுவதற்கு வேறு வழி; முதல் வழிதான் இவருக்கு அடைபட்டிருக்கிறது, இரண்டாவது இன்னும் திறந்திருக்கிறது என்று விளக்கினார். "படி ஏற முடியுது இல்ல? அதுவும் இதேதான்" என்றார்.

வீட்டில் ஜமக்காளம் விரித்தோம். பளிங்கு மாதிரித் தரையில் அது நிற்குமா? இரண்டாம் நாளே சுருங்கி மடிந்து, அந்த மடிப்பில் தடுக்கி விழுந்து நைனாவுக்கு மணிக்கட்டு உடைந்தது. அம்மா கோலமாவில் கோடு இழுத்துப் பார்த்தாள். மதியத்துக்குள் காலில் அழிந்துபோயிற்று. ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை வாங்கிவந்து நானே தரையில் ஒட்டினேன். தினமும் துடைக்கத் துடைக்க ஓரம் கிளம்பி, பசை மட்டும் தங்கி, அதில் தூசி படிந்து, பால் நிறத் தரை முழுக்க அழுக்குத் தழும்பு. நைனா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பியிடம் வீடியோவில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். போனைத் தரைப்பக்கம் திருப்பி அந்த டேப்பைக் காட்டினேன். இன்னும் கிட்டே கொண்டுபோகச் சொல்லி உற்றுப் பார்த்தான்.

"அக்கா" என்றான். "ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் நைனாவுக்கு எவ்ளோ தூரம் வருது, அளந்து சொல்றியா?"

"எதுக்குடா?"

"நான் லீவுல வந்து தரை போட்டுடறேன். குறுக்கால போடறேன்."

அவன் வந்தான். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு குடோனுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய், பெட்டிகளைப் பிரித்துப் பலகைகளைத் தட்டிப் பார்த்து, பூட்டிப் பார்த்து, இரண்டு நிறத்தில் எடுத்தான். ஒன்று தேக்கு மாதிரி வெளிர், இன்னொன்று கருங்காலி மாதிரி இருட்டு. வண்டியில் வந்த பெட்டிகளை ஹாலில் படுக்கவைத்து ஃபேனைப் போட்டுவிட்டான். உடனே போடக்கூடாதாம். வீட்டுச் சூட்டுக்கு அது பழகவேண்டுமாம். சித்தூர் வெயிலில் விரியும், அப்புறம் சுருங்கும். பழகாமல் போட்டால் நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும் என்றான்.

நைனா பெட்டிகளைப் பார்த்தார். "இது இன்னா, பிளாஸ்டிக்கா?"

"ஆமா நைனா. பிளாஸ்டிக்கோட கல்லுமாவு கலந்தது."

"என் டைல்ஸ உடைக்கப் போறியா?"

"உடைக்க மாட்டேன். அதுக்கு மேலயே போடறது. பசைகூட கெடையாது. ஒண்ணுக்கொண்ணு பூட்டிக்கினு மெதக்கற மாதிரி கெடக்கும். வேணாம்னா ஒரே நாள்ல எடுத்துடலாம்."

"எனக்கு வேணாம்" என்றார் நைனா. "இருக்கறவரைக்கும் இதுலயே இருந்துட்டுப் போறேன். நீ லீவுக்கு வந்தவன், உக்காந்து துன்னுட்டுத் தூங்கிட்டுப் போ."

அம்மா வாயைத் திறந்தாள். தம்பி அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். பெட்டி இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் நைனா பல் தேய்க்கப் போவதற்குள் அவன் சில பலகைகளைப் பிரித்து, நான் அளந்து சொல்லியிருந்த தூரத்தில், வெளிர் இரண்டு, இருட்டு ஒன்று, வெளிர் இரண்டு, இருட்டு ஒன்று என்று ஹாலுக்குக் குறுக்கே பூட்டி வைத்துவிட்டான். படுக்கையறை வாசலிலிருந்து ஹாலின் பாதிவரைதான். வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து எங்களோடு நின்றுகொண்டான்.

நைனா அறை வாசலுக்கு வந்தார். கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். குனிந்து பார்த்தார். வலது கால் எழும்பி இருட்டுப் பலகையைத் தாண்டியது. இடது கால் அடுத்ததைத் தாண்டியது. சீராக, தட்டாமல், பலகை போட்டிருந்த இடம் முடியும்வரை வந்தார். அதற்கப்பால் பழைய டைல்ஸ். அங்கே கால் நின்றுவிட்டது. தலையை நிமிர்த்திச் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"இன்னாடா வேடிக்கை பார்த்துக்கினு நிக்கறே" என்றார். "மிச்சத்தையும் போடுறா."

வேலை நடந்த நாட்களில் நைனா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வேலை செய்து அவர் பார்த்தது அப்போதுதான். தம்பி முதலில் நான் ஒட்டிய டேப் பசையையெல்லாம் சுரண்டித் துடைத்தான். மட்டம் பிடித்துப் பார்த்தான். நுரைத்தாளை விரித்தான். சுவரோரம் விரல் நுழைகிற அளவு சந்து விட்டு ஆப்பு வைத்தான்; விரிவதற்கு இடம் வேண்டும், பிறகு அதைப் பட்டி வைத்து மறைத்துவிடலாம் என்றான். பலகையைக் கத்தியால் ஒரு கீறு கீறி மடக்கினால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. ரப்பர் சுத்தியால் தட்டிப் பூட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சரியில்லாவிட்டால் கழற்றி மறுபடி பூட்டுவான். தரை உயர்ந்ததில் கதவுகள் இடித்தன. கழற்றி முற்றத்துக்கு எடுத்துப் போய் அடியைச் சீவினான். பாத்ரூம் வாசலில் உயரம் தெரியாமல் சரிவாக ஒரு பட்டி வைத்தான். அதைத் தன் காலால் தடவித் தடவிப் பார்த்துத்தான் இறுக்கினான்.

"எல்லாரும் நீளவாக்குலதான் போடுவோம்க்கா" என்றான் என்னிடம். "ரூம் பெருசா தெரியும். குறுக்கால போட்டேன்னு எங்க சூப்பர்வைசர் பார்த்தா திட்டுவான். அதுலயும் இந்த மாதிரி வரிக்குதிர கணக்கா!"

ஒரு மதியம் வெக்கை தாங்காமல் அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நைனா அவன் முழங்காலைப் பார்த்துவிட்டார். இரண்டு முழங்காலும் கறுத்துத் தடித்து, ஒட்டகத்தின் கால் மாதிரி காய்ப்புக் காய்த்திருந்தது.

"இங்க வா" என்றார்.

அவன் அருகே போய் உட்கார்ந்தான். நைனா குனிந்து, நடுங்குகிற கையை அந்தக் காய்ப்பின்மேல் வைத்தார். கை நடுக்கத்தில் அது தடவுவது போலிருந்தது, தடவினாரோ என்னவோ.

"வலிக்குதா?"

"மரத்துப்போச்சி நைனா. மொத ரெண்டு வருஷந்தான் வலி."

"அங்க, வேலை நடுவுல ஒரு நாற்காலி, கீற்காலி குடுப்பாங்களா?"

தம்பி சிரித்தான். "நாங்க போட்ட தரை மேலயே வட்டமா உக்காந்து துன்னுவோம். அப்பால தொடச்சிட்டு வந்துடுவோம். மறுநாள்லேருந்து எங்கள உள்ள விடமாட்டாங்க."

நைனா கையை எடுக்கவில்லை. "எங்க அப்பனுக்கு முதுகு, உனக்கு முட்டி" என்றார். "நான் ஒருத்தன் மட்டும் உக்காந்தே காலத்த ஓட்டிட்டேன்." அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து யார் வேலை இது என்று கேட்டபோது, "எங்க பையன். மஸ்கட்ல இதுதான் அவன் வேலை" என்றார்.

புறப்படுவதற்கு முன் தம்பி அம்மாவுக்குப் பாடம் நடத்தினான். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றக்கூடாது. துணியைப் பிழிந்துவிட்டுத்தான் துடைக்கவேண்டும். பினாயில், ஆசிட் எதுவும் கிட்டே வரக்கூடாது. அடியில் ரப்பர் வைத்த மிதியடி போட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும். நாற்காலிக் காலுக்கெல்லாம் துணி ஒட்டவேண்டும். கிரைண்டரை இழுக்காமல் தூக்கித்தான் வைக்கவேண்டும். மேற்குப் பக்கத்து ஜன்னலுக்கு மத்தியானம் திரை போடவேண்டும். "பலகைக்குத் தண்ணி ஒண்ணும் பண்ணாதும்மா. ஆனா சந்து வழியா அடியில எறங்கிட்டா வெளிய வராது. உள்ளயே நின்னு நாறிடும்" என்றான்.

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைப்பத்தால் தள்ளினால்தான் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை. அவள் பிழிந்த துணியோடு மல்லுக்கட்டினாள். "இது துடைக்கறதா, முகத்துக்குப் பவுடர் போடறதா?" என்று முணுமுணுப்பாள். ஆனால் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தாள். நைனாவின் பழைய காக்கிப் பேண்டைக் கத்தரித்து நாற்காலிக் கால்களுக்கு உறை தைத்தாள். வருகிறவர்களை வாசலிலேயே காலைத் துடைக்கச் சொன்னாள். அவர்களோடு வரும் குழந்தைகள் பொம்மை வண்டியை உருட்டினால் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்தத் தரையில் நைனா ஒரு வருஷமும் கொஞ்சமும் நடந்தார். காலையில் தானே எழுந்து சமையலறைவரை வந்து, காப்பியை அங்கேயே நின்று குடித்தார். வாசலுக்குப் போய்ப் பேப்பரை எடுத்துவந்தார். நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் கதவை அவர்தான் திறந்தார். வெளியே போனால் பழையபடி நின்றுவிடுவார். ரோட்டில் நாங்கள் கையைப் பிடித்துக்கொள்வோம். வீட்டுக்குள் வந்ததும் கையை உதறிவிடுவார். அந்த உதறலைப் பார்க்க அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம்.

கோடு காலுக்குத்தான் வழி காட்டும். தொண்டைக்கு யார் கோடு போடுவது? முகம் இறுகியது, பேச்சு குழறியது, பிறகு விழுங்குவதே சிரமமாயிற்று. சோற்றைக் குழைத்து, பிறகு கஞ்சியாக்கி, பிறகு அதையும் ஸ்பூனால் கொடுத்தோம். புரையேறிய கஞ்சி நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சல் வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடியபடி போர்வைக்குள் காலை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார். பிரேக்கா, கிளட்ச்சா, நடையா, எனக்குத் தெரியவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

வங்காள விரிகுடாவில் புயல். சென்னையில் விமானங்கள் இறங்கவில்லை. தம்பி மஸ்கட் ஏர்போர்ட்டில் பையோடு உட்கார்ந்திருந்தான். நாங்கள் நைனாவை ஆம்புலன்ஸில் சித்தூருக்குக் கொண்டுவந்தபோது தெருவில் முழங்கால் தண்ணீர். குடிபாலாவிலிருந்து பெரியப்பாவும் அவர் மகனும் நனைந்துகொண்டு வந்திருந்தார்கள். இந்த மழையில் நாளைவரை வைத்திருக்க முடியாது, இன்றே எடுத்துவிடவேண்டும் என்றார் பெரியப்பா. தம்பி வந்துசேர முடியாது என்பதால் கொள்ளியைப் பெரியப்பா மகன் வைப்பது என்று முடிவாயிற்று.

குளிப்பாட்டவேண்டும். முற்றம் சேறாகிக் கிடந்தது, பந்தல் போட வழியில்லை. "ஹால்லயே ஊத்திடலாம், கொண்டாங்க" என்று பெரியப்பா குடத்தோடு வந்தார். பெஞ்சை ஹால் நடுவில் போட்டு நைனாவைக் கிடத்தியிருந்தார்கள். அதுவரை சுவரோரம் அரற்றிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று எழுந்து வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெஞ்சுக்கு முன்னால் நின்றாள்.

"தண்ணி ஊத்தாதீங்க மாமா. தரைக்கு ஆகாது."

எல்லோரும் திகைத்துப்போனார்கள். யாரோ ஒருத்தி, "புருஷன் போயிட்டான், இவ தரைய பார்க்கறா" என்றாள். அம்மா கேட்கவில்லை. "புள்ள சொல்லிட்டுப் போயிருக்கான். அடியில எறங்கிட்டா வெளிய வராது. ஈரத் துணியால தொடச்சிடலாம், நான் நல்லா தொடைக்கறேன். வேணாம் மாமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பெரியப்பா கையில் குடத்தோடு என்னைப் பார்த்தார். எனக்கு அம்மாவைப் பிடித்து விலக்கக் கை வரவில்லை. அவள் அந்தத் தரையை என்னவாக நினைத்துக் காத்துக்கொண்டிருந்தாள் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் கையில் போன் இருந்தது. தம்பி காலையிலிருந்து அதில்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அம்மாகிட்ட குடு" என்றான்.

அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அம்மா, ஊத்தச் சொல்லும்மா. நைனாவுக்கு நல்லா தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுங்க. தரையை நான் வந்து பார்த்துக்கறேன்."

அவள் போனையே பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டு, பெரியப்பாவிடமிருந்து குடத்தை வாங்கி, முதல் தண்ணீரை அவளே ஊற்றினாள். தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து, தேக்கு நிறப் பலகைகளிலும் இருட்டுப் பலகைகளிலும் பரவி, கண்முன்னால் கோடு கோடாக அடியில் இறங்கியது.

தம்பி மூன்றாம் நாள் வந்தான். சாம்பலைத்தான் பார்த்தான். சம்பிரதாயங்கள் முடிந்து உறவுகள் கலைந்த பிறகு ஹாலில் நடந்தால் நடுவில் 'சளக் சளக்' என்றது. மிதித்தால் சந்துகளிலிருந்து தண்ணீர் கசிந்தது. புழுங்கின வாடை. அவன் சுவரோரப் பட்டியைக் கழற்றி, வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டு ஹால் நடுவரை வந்தான். நுரைத்தாளைச் சுருட்டி எடுத்தான். அடியில் நைனாவின் டைல்ஸ், ஈரத்தோடு, போட்ட அன்றைக்கு இருந்த அதே பளபளப்பு. அதன் மேல் மண்டி போட்டு உட்கார்ந்தான். துடைக்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோள் குலுங்குவது தெரிந்தது. வந்ததிலிருந்து அவன் அழுது நாங்கள் பார்க்கவில்லை. அம்மா போய் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

பலகைகளை நானும் அவனும் ஒவ்வொன்றாகத் துடைத்து வராண்டாவில் நிழலில் சாய்த்து வைத்தோம். இரண்டு நாளில் காய்ந்தன.

"போடட்டுமாம்மா? இல்ல, டைல்ஸாவே விட்டுடட்டுமா?" என்று கேட்டான்.

"போட்டுடு" என்றாள் அம்மா. "டைல்ஸ் சில்லுனு கீது. எனக்குக் காலு இழுக்குது."

வெட்டின அளவெல்லாம் குறுக்குக்குத்தான் பொருந்தும் என்பதால் பழையபடியே குறுக்கே போட்டான். அம்மாவை என்னோடு திருப்பதிக்கு வந்துவிடச் சொன்னேன். மஸ்கட்டுக்கு விசிட் விசாவில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று அவன் சொன்னான். இரண்டுக்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

லீவு முடிந்ததும் கிளம்பினான். சென்னைக்குப் பஸ் ஏற்றிவிட நான் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் நகரும்வரை இரண்டு பேரும் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். திரும்பி வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"பஸ் கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சிம்மா."

"கூட்டமா?"

"அவ்வளவா இல்ல."

"சீட்டு கிடைச்சிதா?"

"கிடைச்சிது. ஜன்னலோரமா."

"சரி, வா. துன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கும் அவளுக்கும் இரண்டு தட்டு வைத்திருந்தாள்.